லைவ் அட் பாம்பெய்: இருபது வருஷமா பாத்துக்கிட்டே இருக்கிற ஒரு கச்சேரி

முதல்லயே சொல்லிடறேன், எங்கப்பா ஊர்ல ரேடியோ செட் வெச்சிருந்தவரு. கல்யாணம், காதுகுத்து, கோவில் கொடை, கட்சி மீட்டிங்னு எது நடந்தாலும் குழாய் கட்டுறது, ட்யூப்லைட் கட்டுறது, விடிய விடிய ஆம்ப் பக்கத்துலயே துண்டை விரிச்சுப் படுத்துக்கிறதுன்னு இருந்த மனுஷன். பள்ளிக்கூட லீவுல நானும் வயர் சுருட்டப் போவேன். அதனாலயோ என்னவோ எந்தக் கச்சேரி வீடியோ போட்டாலும் என் கண்ணு பாடறவன்கிட்ட போகாது, அவன் காலுக்குக் கீழ கிடக்கிற வயர்லதான் போய் நிக்கும். அந்தப் பார்வைலதான் இதை எழுதுறேன், ராக் வரலாறு தெரிஞ்சவங்க மன்னிக்கணும்.

பிங்க் ஃப்ளாய்டுங்கிற இங்கிலீஷ் ராக் பேண்டோட 'லைவ் அட் பாம்பெய்' கச்சேரிப் படம் எனக்கு 2004 வாக்குல காலேஜ் ஹாஸ்டல்ல கிடைச்சது. ரூம்மேட் யார்கிட்டயோ காப்பி பண்ணி வெச்சிருந்தான், படம் பூராவும் கட்டம் கட்டமா தெரியும், பாதில ஒரு இடத்துல ஆடியோ முன்னாடி ஓடிரும், வீடியோ பின்னாடியே வரும். இருந்தாலும் அந்த ஆரம்ப ஷாட் வந்ததும் நான் சாப்பிட்டுட்டு இருந்த தட்டோட அப்படியே உக்காந்துட்டேன். இத்தாலில பாம்பெய்ங்கிற ஊர்ல வெயில் காயற ஒரு பழைய ரோமானிய வட்ட அரங்கம், சுத்தி கல்லு கல்லா படிக்கட்டு, நடுவுல தூரத்துல குட்டியா நாலு பேரும் மலை மாதிரி குவிஞ்ச ஸ்பீக்கரும். கேமரா மேலேர்ந்து மெதுவா மெதுவா கிட்ட வருது. படிக்கட்டுல ஒரு ஆள் இல்ல. 20,000 பேர் வரைக்கும் உக்காரக்கூடிய இடம் சார் அது, கி.மு. 70 வாக்குல கட்டினது, கி.பி. 79ல வெசூவியஸ் எரிமலை வெடிச்சு ஊரோட சேத்து மூடிருச்சு. அங்க போய் யாருக்கும் வாசிக்காம வாசிக்கிறாங்க.

டைரக்டர் ஏட்ரியன் மேபன். அவரு மொதல்ல கொண்டுவந்த ஐடியா வேற, மக்ரீத் மாதிரி ஓவியர்களோட படங்களயும் இவங்க பாட்டயும் சேத்து ஏதாவது செய்யலாம்னு. பேண்டுக்கு அது பிடிக்கல. அப்புறம் அவரு இத்தாலிக்கு லீவுல போனப்ப பாம்பெய்ல பாஸ்போர்ட்டைத் தொலைச்சுட்டு, சாயங்காலம் ஜனமெல்லாம் போனப்புறம் தேடிக்கிட்டு திரும்ப அந்த அரங்கத்துக்குள்ள போயிருக்காரு. ஆளில்லாத அமைதி, சத்தம் திரும்பி வர்ற விதம், பறக்கிற வௌவால், அங்கயே முடிவு பண்ணிட்டாராம் இதுதான் இடம்னு. வுட்ஸ்டாக் மாதிரி லட்சக்கணக்குல கூட்டத்தைக் காட்டுற படமா வந்துட்டு இருந்த காலம் அது, இவரு அதுக்கு நேர் எதிரா ஒண்ணு எடுக்கணும்னு நெனச்சிருக்காரு.

நான் வேலைக்குச் சேந்து 2003ல வந்த டிவிடிய செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது 2007. அப்பா ஒரு தடவ என் ரூமுக்கு வந்து தங்கினப்ப பொழுது போகலன்னு அதைப் போட்டேன். இங்கிலீஷ் பாட்டுன்னாலே மூஞ்சியச் சுளிக்கிறவரு, அஞ்சு நிமிஷம் பேசாம பாத்தாரு, அப்புறம் கேட்டாரு, "ஏலே, இம்புட்டு பாக்ஸ் இருக்கே, கரண்டு எங்கன இருந்துல இழுத்துருக்கான்? ஜெனரேட்டர் சத்தத்தையும் காணோம்?"

மூணு வருஷமா பாத்துட்டு இருக்கேன், எனக்கு அந்தக் கேள்வி தோணவே இல்ல. அப்புறம் தேடிப் படிச்சா நிஜமாவே அதுதான் அந்த ஷூட்டிங்கோட பெரிய தலைவலி. 1971 அக்டோபர்ல சில நாளைக்குத்தான் அனுமதி கிடைச்சிருக்கு, இவங்க லண்டன்லேர்ந்து லாரில மொத்த செட்டையும் இறக்கிட்டாங்க, பாத்தா அங்க இருக்கிற கரண்ட் இந்த லோடுக்குப் பத்தல. கிடைச்ச கொஞ்ச நாள்ல ஒரு பகுதி அதுலயே போயிருச்சு, கடைசில ஊருக்குள்ள இருந்து தெருத்தெருவா நீளக் கேபிள் இழுத்துத்தான் எடுத்திருக்காங்க. அப்பாகிட்ட போன்ல சொன்னேன், சிரிச்சுக்கிட்டே "கொக்கி போட்டானாக்கும்"ன்னாரு. இல்லப்பா முறைப்படிதான்னு சொன்னேன், நம்பின மாதிரி தெரியல.

இவங்க ரெக்கார்டு போட்டுட்டு வாயசைக்கல, நேரடியாத்தான் வாசிப்போம்னு பிடிவாதமா இருந்திருக்காங்க, அதனாலதான் இவ்வளவு சாமானும். 'எக்கோஸ்' பாட்டுல ஒரு ஷாட் இருக்கு, கேமரா ஸ்பீக்கர்களோட முதுகுப் பக்கமா தண்டவாளத்துல நகந்து போகும். 'பிங்க் ஃப்ளாய்ட் லண்டன்'னு ஸ்டென்சில்ல அடிச்ச பெட்டிகள், ஒயர், ப்ளக், அதுக்கு இடையில இடையில அந்தப் பக்கம் வாசிக்கிறவங்களோட முகம் தெரிஞ்சு மறையும். எந்தக் கச்சேரிப் படத்துலயும் இந்தப் பக்கத்தைக் காட்ட மாட்டாங்க, மறைப்பாங்க. அப்பா அந்த ஷாட்டை ரெண்டு தடவ ரீவைண்ட் பண்ணச் சொன்னாரு. பெட்டி அடுக்கியிருக்கிற நேர்த்தியப் பாத்து "வேலைக்காரன்யா"ன்னாரு. அந்த வேலைக்காரங்கள்ல முக்கியமானவரு ரோட் மேனேஜர் பீட்டர் வாட்ஸ், நடிகை நவோமி வாட்ஸோட அப்பா.

இன்னொரு விஷயம், கிட்டார் வாசிக்கிற கில்மோரும் கீபோர்டு வாசிக்கிற ரைட்டும் யூஸ் பண்ற பின்சன் எக்கோ மிஷின் இத்தாலில மிலன்ல செஞ்சது. டேப் கிடையாது, உள்ள ஒரு காந்தத் தகடு சுத்திட்டே இருக்கும், அதுல பதிஞ்சு பதிஞ்சு திரும்ப வரும். எக்கோஸ் நடுவுல பாட்டு நின்னுபோய் ஏதோ பறவை கத்துற மாதிரி, திமிங்கலம் அழற மாதிரி ஒரு சத்தம் வரும்ல, அது வா-வா பெடல்ல, அதாவது கால்ல மிதிச்சு கிட்டார் சத்தத்தை மாத்துற பெட்டில, உள்ள போற வயரையும் வெளிய வர்ற வயரையும் மாத்திச் சொருகினா வர்ற சத்தம். ரேடியோ செட் கடைல நான் அப்படி மாத்திச் சொருகி அறை வாங்கியிருக்கேன். அங்க அது கலை ஆயிருச்சு.

எக்கோஸை நீங்க கேட்டதில்லன்னா, 'மெடில்' ஆல்பத்துல ஒரு சைடு பூரா, 23 நிமிஷத்துக்கு மேல வரும் அந்தப் பாட்டு, ஷூட்டிங் நடந்தப்ப ஆல்பம் இன்னும் கடைக்கே வரல. படத்துல அதை ரெண்டா வெட்டி ஆரம்பத்துல பாதி, கடைசில பாதின்னு வெச்சிருக்காங்க. எனக்கு இன்னைக்கு வரைக்கும் அது பிடிக்கல. மூடு வர்ற நேரத்துல கரண்ட் கட் ஆன மாதிரி இருக்கும்.

'ஒன் ஆஃப் தீஸ் டேஸ்'க்கு வருவோம். பாட்டு பூரா கேமரா ட்ரம்மர் நிக் மேசன் மேலயேதான் இருக்கும், ட்ரம்ஸ், ட்ரம்ஸ், ட்ரம்ஸ். மத்தவங்க வாசிச்சத எடுத்த ஃபிலிம் ரோல் தொலைஞ்சு போச்சு, அதனால வேற வழியில்லாம அப்படி எடிட் பண்ணிருக்காங்க. அந்தத் தொலைஞ்ச ரோலுக்கு நான் நன்றி சொல்றேன். நடுவுல அவரு கைலேர்ந்து ஒரு ஸ்டிக் பறந்து போகுது, ஒரு கையாலயே அடிச்சுட்டே இன்னொரு ஸ்டிக்கை உருவி அடுத்த அடிக்கு வந்து சேந்துருவாரு, முகத்துல ஒரு சலனமும் இருக்காது. இந்த இடத்தை நான் எத்தனை தடவ பாத்திருப்பேன்னு கணக்கே இல்ல. ஆபீஸ்ல ஏதாவது சொதப்பின அன்னைக்கு இந்த அஞ்சு நிமிஷத்தைப் போட்டுப் பாக்குறது ஒரு பழக்கமாவே ஆயிருச்சு.

குறை இல்லாம இல்ல. பேருதான் பாம்பெய், ஆனா அங்க எடுத்தது எக்கோஸ், 'எ சாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்', 'ஒன் ஆஃப் தீஸ் டேஸ்' மூணு மட்டும்தான், மத்ததெல்லாம் அதே வருஷக் கடைசில பாரிஸ் ஸ்டூடியோல எடுத்து ஒட்டினது. கண்டுபிடிக்க ஈஸியான வழி ரைட்டோட தாடி, இத்தாலில இருக்கும், பாரிஸ்ல இருக்காது. அப்புறம் ஒரு ரஷ்ய வேட்டை நாய மைக் முன்னாடி உக்கார வெச்சு, கில்மோர் மௌத் ஆர்கன் வாசிக்க வாசிக்க அது ஊளையிடும், அதுக்குப் பேரு 'மேட்மொய்செல் நாப்ஸ்'. ரசிகர்கள்ல பாதிப் பேரு இதைக் கொண்டாடுவாங்க, பாதிப் பேரு ஸ்கிப் பண்ணிருவாங்க. நான் ஸ்கிப். என் பொண்ணு அது ஒண்ணை மட்டும்தான் பாப்பா.

எந்த வெர்ஷன் வாங்கலாம்னு கேக்கறவங்களுக்கு என் அனுபவம் இதுதான். 1972ல எடின்பரோ விழால மொதல்ல காட்டினது ஒரு மணி நேரப் படம், 1974ல அபி ரோடு ஸ்டூடியோ காட்சிகளச் சேத்து நீட்டினாங்க. 2003 டிவிடில மேபன் கம்ப்யூட்டர் கிராபிக்ஸ்ல கிரகம், விண்வெளி, பழைய பாம்பெய் எல்லாம் செஞ்சு நடுவுல நடுவுல சொருகிட்டாரு, பாக்குறதுக்கு பழைய வீடியோ கேம் மாதிரி இருக்கும், அந்த டிஸ்க்லயே எக்ஸ்ட்ராவா பழைய ஒரு மணி நேரப் படமும் இருந்ததால தப்பிச்சோம். என் டிஸ்க்கு கீறல் விழுந்து எக்கோஸ் ரெண்டாம் பாதில திக்க ஆரம்பிச்சு, பேஸ்ட் தடவி, வாழைப்பழத் தோல் தேய்ச்சு எல்லாம் பாத்தேன், வேலைக்கு ஆகல. 2025ல வந்த ப்ளூரேதான் இப்ப என்கிட்ட இருக்கு. அசல் 35 எம்எம் நெகட்டிவ் அவங்க ஆர்க்கைவ்ல அஞ்சு டப்பால கிடைச்சு, அதுலேர்ந்து 4கேல ஃப்ரேம் ஃப்ரேமா சுத்தம் பண்ணிருக்காங்க, கிராபிக்ஸ் எல்லாம் காணோம், நிம்மதி. ஸ்டீவன் வில்சன் சவுண்டை புதுசா மிக்ஸ் பண்ணிருக்காரு. ஏப்ரல் மாசம் தியேட்டர்லயும் ஐமேக்ஸ்லயும் போட்டாங்க, அன்னைக்கு எனக்கு நைட் ஷிஃப்ட், அந்த வயித்தெரிச்சல் இன்னும் அடங்கல.

ப்ளூரேல எனக்குத் தெரிஞ்ச பெரிய வித்தியாசம் தூசிதான். பாஸ் கிட்டார் வாசிக்கிற வாட்டர்ஸ் பெரிய காங்கை, அந்தத் தொங்கவிட்ட உலோகத் தட்டை, ஓங்கி ஓங்கி அடிக்கறப்ப, கில்மோர் தரைல உக்காந்து கிட்டார் மேல ஸ்லைடை ஓட்டுறப்ப அந்த மண்ணு தனித்தனியா தெரியுது. சவுண்ட்ல பாஸ் கூடியிருக்கு, கூடியே இருக்கு, சாசர்ஃபுல் காங் இடத்துல கீழ்வீட்டு அக்கா மேல வந்து "தம்பி, வீட்ல ஏதும் விழுந்துருச்சா"ன்னு கேட்டுட்டுப் போனாங்க. அதுக்கப்புறம் ஹெட்ஃபோன்தான். ஆனா ஹெட்ஃபோன்ல கேட்டா அந்தத் திறந்தவெளி இல்லாம போயிருது.

அபி ரோடு காட்சிகள்ல 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பம் வேலை நடக்கும், கேன்டீன்ல மேசன் ஆப்பிள் பை கேப்பாரு, மேல ஓடு வேணாம்னு சொல்லி. சின்ன வயசுல இதெல்லாம் போர் அடிக்கும், இப்ப இதுக்காகவே உக்காந்து பாக்குறேன். ஒரு இடத்துல, மிஷின்கள்தான் உங்கள ஆட்டி வைக்குதான்னு பேச்சு வரும். வாட்டர்ஸ் சொல்ற பதிலோட சாரம், ஒருத்தன் கைல லெஸ் பால் கிட்டாரைக் குடுத்துட்டா அவன் எரிக் கிளாப்டன் ஆயிர மாட்டான், ஆம்பும் சிந்தசைசரும் குடுத்துட்டா அவன் நாங்களா ஆயிர மாட்டான். எங்கப்பாகிட்ட கடன்ல செட்டு வாங்கிட்டுப் போய் போட்டிக் கடை போட்டவருகிட்ட இதையேதான் அப்பா வேற வார்த்தைல சொன்னாரு, அச்சுல ஏத்த முடியாது.

2016 ஜூலைல கில்மோர் திரும்ப அதே அரங்கத்துக்குப் போய் ரெண்டு நாள் கச்சேரி பண்ணாரு, இந்த முறை ஜனங்களோட, லேசர், நெருப்பு எல்லாம் வெச்சு. 1971ல வாசிச்சதுல ஒன் ஆஃப் தீஸ் டேஸ் மட்டும்தான் வாசிச்சாரு, ரைட் 2008ல போயிட்டாரு, அவரில்லாம எக்கோஸ் வாசிக்கறதில்லன்னு விட்டுட்டாரு. அந்தப் படமும் நல்லாத்தான் இருக்கு. ஒரு தடவ பாத்தேன், போதும்னு வெச்சுட்டேன்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப ப்ளூரேயக் கொண்டுபோய் தம்பி வீட்டு டிவில போட்டேன். அப்பாக்கு இப்ப எழுபத்தி நாலு, இடது காது சுத்தமா கேக்காது, குழாய்க்குப் பக்கத்துலயே படுத்த பலன். வலது காதை டிவி பக்கம் திருப்பி வெச்சுட்டு முழுசாப் பாத்தாரு. எக்கோஸ் முடிஞ்சு கேமரா பின்னாடி பின்னாடி போய் அரங்கம் மறுபடியும் சின்னதா ஆச்சு. டிவிய ஆஃப் பண்ண எந்திரிச்சேன்.

"ஊருக்குள்ள இருந்து இழுத்தானுவன்னு சொன்னியே அந்தக் கேபிளு"ன்னாரு, "அதை யாருல சுருட்டுனது?"