சந்திரசிலா போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

மார்ச் கடைசி வாரம், தில்லியிலிருந்து நானும் தங்கையும் உத்தராகண்டின் சோப்தாவுக்குப் போனோம். அங்கிருந்து துங்கநாத் சிவன் கோயில் வழியாக சந்திரசிலா உச்சிக்கு ஏறி, அன்றே இறங்குவதாகத் திட்டம். வாட்ஸ்அப்பில் பேசிய ஏஜென்ட் ஆளுக்கு 3,500 ரூபாய் கேட்டார். அனுபவமுள்ள கைடு, பனியில் வழுக்காமல் இருக்க ஷூவில் மாட்டும் ஸ்பைக், விடிகாலை 4 மணிக்குப் புறப்பாடு என்றெல்லாம் சொன்னார். நம்பி, முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டேன்.

4 மணிக்கு டார்ச்சோடு ரோட்டோரம் நின்றோம். கைடு வந்தபோது 8:40. அதுவரை ஏஜென்ட் போனையே எடுக்கவில்லை.

இது வெறும் தாமதம் இல்லை. அந்த மாதங்களில் பனி இரவில் இறுகிவிடும், காலையில் ஸ்பைக் போட்டுக்கொண்டு அதன்மேல் நடந்துவிடலாம். வெயில் ஏற ஏற இளகிப்போய், மதியத்துக்குள் கால் முழங்கால்வரை புதையும். துங்கநாத்தே சுமார் 3,680 மீட்டர், சந்திரசிலா ஏறக்குறைய 4,000. அந்த உயரத்தில் அப்படிக் காலைப் பிடுங்கிப் பிடுங்கி நடந்தால் மூச்சு என்னவாகும்?

ஸ்பைக்கைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. என்னுடையதில் ரப்பர் வெடித்திருந்தது. தங்கையுடையதில் அறுந்த சங்கிலியைக் கட்டுக்கம்பியால் முறுக்கி வைத்திருந்தார்கள். கைடு பதினெட்டு வயதுகூட இருக்காத பையன். கான்வாஸ் ஷூ, சாக்ஸுக்கு மேல் பாலிதீன் பை. "தீதி (அக்கா), நேற்று ராத்திரிதான் போகச் சொன்னார்கள். நான் மேலே போனதே இல்லை" என்றான். அவன்மேல் எனக்குக் கோபமே இல்லை. அவனை அப்படி அனுப்பியவர்மேல்தான்.

அப்போதே திரும்பியிருக்க வேண்டும். பணம் கட்டிவிட்டோமே என்று நடந்தோம். பனிக்கு நடுவே புராஞ்ஷ் மரங்கள் சிவப்பாகப் பூத்து நின்றன. கீழே பார்த்துப் பார்த்துக் கால் வைத்ததில் அதைக்கூட ரசிக்க முடியவில்லை.

துங்கநாத்தில் நடை சாத்தியிருந்தது, குளிர்காலத்தில் சுவாமி கீழே மக்குமட் கிராமத்தில்தான் இருப்பார். சுற்றியிருந்த கடைகளும் பூட்டிக் கிடந்தன. அதைத் தாண்டிய சரிவில்தான் அந்தக் கம்பி கழன்றது. தங்கை பத்துப் பதினைந்து அடி சறுக்கிப்போய் ஒரு பாறையில் முட்டி நின்றாள். பையன் அழ ஆரம்பித்துவிட்டான். வேறு குழுவின் கைடு ஒருவர் இறங்கிப்போய் அவளைக் கைப்பிடித்து ஏற்றினார். உள்ளங்கை கிழிந்து கையுறையெல்லாம் ரத்தம். அங்கிருந்தே திரும்பிவிட்டோம்.

பணத்தைக் கேட்டதற்கு ஏஜென்ட் சொன்னது: "மலையில் இதெல்லாம் சகஜம் மேடம்." பிறகு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.

தயவுசெய்து முழுப் பணத்தையும் முன்னாடியே கட்டாதீர்கள். முதல் நாள் சாயங்காலமே கைடை நேரில் பாருங்கள், எத்தனை முறை ஏறியிருக்கிறார் என்று அவரிடமே கேளுங்கள். ஸ்பைக்கை உங்கள் ஷூவில் மாட்டி, சங்கிலியைக் கண்ணி கண்ணியாக இழுத்துப் பாருங்கள். ஒரு இடத்தில் கம்பி சுற்றியிருந்தாலும் வாங்காதீர்கள்.