கத்திவாக்கத்தில் 11 வருடம்: குடியிருந்து பார்த்த அனுபவம்

2014-இல் வடபழனி வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு எண்ணூருக்குப் பக்கத்தில் கத்திவாக்கத்துக்குக் குடிவந்தோம். வடபழனியில் ராத்திரி ஒரு மணிக்கும் ஹாரன் ஓயாது. இங்கே வந்த முதல் ராத்திரி அந்தச் சத்தம் இல்லாமலே எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஒரு கூட்ஸ் வண்டி போனது, அது அடங்கியதும் அலைச் சத்தம், அவ்வளவுதான். இந்த 11 வருடத்தில் அது மாறவில்லை.

கணக்குப்படி இது சென்னைதான். 2011 வரை தனி நகராட்சி, அப்புறம் மாநகராட்சியோடு சேர்த்துவிட்டார்கள். ஆனால் எங்கள் தெருவில் பாரிமுனைக்குக் கிளம்புகிறவர்கள் இன்றைக்கும் "மெட்ராஸுக்குப் போய்ட்டு வரேன்" என்றுதான் சொல்கிறார்கள்.

போக்குவரத்தைப் பற்றிப் பலர் கேட்பார்கள். முதல் ஏழு வருடம் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில்தான். காலையில் வண்டி கிடைத்துவிடும். கொருக்குப்பேட்டை பக்கம் சிக்னலுக்கு நின்றால்தான் வேலைக்கு நேரமாகிவிடும். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு, அங்கே ஏறி உயர் நீதிமன்ற நிலையத்துக்கு வண்டி மாறாமல் போய்விடுகிறேன். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே டூவீலர் ஓட்டுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

எனக்கு இந்த ஊரைப் பிடிக்கவைத்தது முகத்துவாரம். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளோடு அந்தப் பக்கம் போவேன். இருளர் பெண்கள் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, ஓலையில் பின்னிய பறியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பார்கள். வலையும் கிடையாது, தூண்டிலும் கிடையாது. விரலில் தட்டுப்பட்டதும் அப்படியே எடுத்துப் பறிக்குள் போடுகிற வேகம்! எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. முகம் பழகிவிட்டால் இங்கே பொய் சொல்லி விற்க மாட்டார்கள். ஒருநாள் நான் இறால் கேட்டபோது மீன்கார அக்கா கூடையை மூடிவிட்டார். "இன்னிக்கு வேணாம்மா, தண்ணி ஒரு மாதிரி கீது. நாளைக்கு வா."

சுற்றிலும் தொழிற்சாலைகள்; தண்ணீரும் காற்றும் ஒரு மாதிரி இருப்பதுதான் இந்த ஊரின் பெரிய துக்கம். மாடியில் வெள்ளைத் துணி காயப்போட்டால் சாயந்திரம் கரும்பொடி படிந்திருக்கும். சில ராத்திரிகளில் மூக்கைத் துளைக்கும் வாடை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து முகத்துவாரமே கறுத்துப் போனது. படகு, வலை, அலையாத்திச் செடியின் வேர் எல்லாவற்றிலும் பிசுக்கு. அது காய்வதற்குள் 26-ஆம் தேதி ராத்திரி, பெரியகுப்பம் பக்கம் கடலுக்குள் போகும் உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிச்சலில்தான் விழித்தோம். எதிர்வீட்டு அண்ணன் கதவைத் தட்டி, ஈரத்துணியைக் கையில் திணித்து, எங்கள் மூன்று பேரையும் தன் ஆட்டோவில் ஏற்றினார். அவர் வீட்டு ஆட்கள் ஏற்கெனவே உள்ளே நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். மகள் திருவொற்றியூர் தாண்டும்வரை துணியை வாயிலிருந்து எடுக்கவில்லை. இவ்வளவு நல்ல மனிதர்கள் வாழ்கிற ஊரை ஏன் இப்படி வைத்திருக்கிறோம் என்ற கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அதனால் வீசிங் உள்ள குழந்தையோ பெரியவரோ வீட்டில் இருந்தால் இங்கே வராதீர்கள் என்றே சொல்வேன். மற்றவர்கள் தாராளமாக வரலாம். வடபழனியில் இரண்டு அறைக்குக் கொடுத்த வாடகையில் இங்கே தனி வீடும் முருங்கை மரமும் கிடைத்தது. கடைகள் ஒன்பதரைக்கே சாத்திவிடும், அது பழகிவிடும். நல்ல துணி எடுக்கவும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் வண்ணாரப்பேட்டைப் பக்கம் போய்த்தான் ஆகவேண்டும்.

வீடு பார்க்கச் சாயந்திரம் மட்டும் வராதீர்கள். கடற்காற்று அடிக்கிற நேரத்தில் எல்லா வீடும் நன்றாகத்தான் இருக்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு தடவை மாடியில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். எங்கள் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. மகளிடம் கேட்டோம். ஆட்டோ அண்ணன் வீடு எதிரில் இருக்கும்வரை வேறு வீடு பார்க்கக் கூடாது என்றாள். மறுபடி 11 மாதத்துக்குக் கையெழுத்துப் போடப் போகிறோம்.