ஹாசல்பிளாட், ஆர்பி67, 4×5: எது எந்த வேலைக்கு?

35 மி.மீ. பிலிமில் கை பழகியவர் அடுத்த அளவுக்குப் போக நினைக்கும்போது பெரும்பாலும் நெகட்டிவின் பரப்பை வைத்துத்தான் கணக்குப் போடுவார். அதை முதலிலேயே முடித்துவிடலாம். 35 மி.மீ. பிரேம் 864 சதுர மி.மீ. 120 ரோல் பிலிமில் எடுக்கும் மீடியம் ஃபார்மட் கேமராக்களில், ஹாசல்பிளாட் 500 சி/எம் தரும் 56×56 சதுரம் (6×6) அதைப்போல் மூன்றரை மடங்கு. மாமியா ஆர்பி67 தரும் 56×69.5 (6×7) நான்கரை மடங்கு. 4×5 அங்குல ஷீட்டில் (தனித்தனித் தாளாக வரும் பிலிம்), அதை ஏற்றும் ஹோல்டரின் விளிம்பு போக மிஞ்சும் 95×120 மி.மீ. பதின்மூன்று மடங்கு.

16×20 அங்குலத் தாளில் பிரிண்ட் போட 35 மி.மீ.யை 17 மடங்கு பெருக்க வேண்டும்; 6×7-ஐ 7.3 மடங்கு, 4×5-ஐ 4.3 மடங்கு. ஹாசல்பிளாட் சதுரத்தை அந்தத் தாளின் வடிவத்துக்கு வெட்டினால் 56×45 ஆகச் சுருங்கும். 9 மடங்கு பெருக்க நேரும். சதுரத்திலேயே படம் அமைக்காதவருக்கு 6×6 என்பது நடைமுறையில் 645 (6×4.5 செ.மீ.) கேமராதான்.

எண்களை மட்டும் பார்த்தால் 4×5 வாங்கத் தோன்றும். லென்ஸைப் பிலிமிலிருந்து தனியே நகர்த்தும் தேவையும், ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகக் கழுவும் தேவையும் இல்லாதவருக்கு அது வீண் சுமை.

கையில் பிடிக்க: 500 சி/எம்

500 சி 1957-இல் வந்தது. ஃபோகஸ் திரையை நாமே மாற்றிக்கொள்ளும் 500 சி/எம் 1970-இல். 80 மி.மீ. எஃப் 2.8 பிளானர், ஏ12 மேகசின் (பிலிம் ஏற்றிப் பின்னால் மாட்டும் பெட்டி) சேர்த்து ஒன்றரைக் கிலோ அளவு. ஷட்டர் லென்ஸுக்குள் இருப்பதால் 1/500 வரை எந்த வேகத்திலும் பிளாஷ் ஒத்துப்போகும். வெயிலில் பிளாஷ் போட்டு ஆட்களை எடுப்பவருக்கு இது பெரிய வசதி.

பாடியும் லென்ஸும் ஒன்றாக முறுக்கேறிய நிலையில் இருந்தால்தான் லென்ஸை மாட்டலாம், கழற்றலாம். ஒன்று முறுக்கேறி மற்றது இறங்கியிருந்தால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். கிராங்கைப் பலம் போட்டுத் திருப்பினால் உள்ளே பல்சக்கரம் போகும். மேகசினைக் கழற்றி, பின்புற ஷட்டர் தகடுகளை மெல்ல விலக்கி, நீளமான ஒல்லி ஸ்குரூடிரைவரை உள்ளே விட்டு, லென்ஸின் பின்னால் தெரியும் வெட்டுள்ள அச்சை வலஞ்சுழியாக ‘கிளிக்’ என்று நிற்கும்வரை திருப்பினால் விடுபடும். லென்ஸைத் தொடுமுன் கிராங்கைச் சுற்றிவிடும் பழக்கம் இருந்தால் இந்த வைத்தியம் தேவைப்படாது.

ஏ12-இல் பிலிம் மாட்டும்போது காகிதத்தின் கறுப்புப் பக்கம் வெளியே தெரிய வேண்டும். மாற்றி மாட்டினால் 12 படமும் காலி. வாங்கும்போது மேகசின் ஓட்டிலும் உள்ளே செருகும் பாகத்திலும் உள்ள எண்களின் கடைசி மூன்று இலக்கம் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பொருந்தாத ஜோடியில் பிரேம்களுக்கு நடுவே இடைவெளி தாறுமாறாக வரலாம். நெகட்டிவில் டார்க் ஸ்லைடு (பிலிமை ஒளியிலிருந்து மறைக்கும் தகடு) நுழையும் பக்கமாக ஒளிக்கீற்று விழுந்தால் அந்த இடுக்கில் உள்ள ஃபோம் தேய்ந்துவிட்டது என்று பொருள். மாற்றுவது எளிது, செலவும் குறைவு.

டிரைபாடுக்குப் பிறந்தது: ஆர்பி67

1970-இல் வந்த முதல் புரொபஷனல் மாடலில் ஷட்டருக்கும் மேகசினுக்கும் தொடர்பு இல்லை. பக்கவாட்டு லீவர், வியூஃபைண்டருக்கு ஒளியைத் திருப்பும் கண்ணாடியையும் ஷட்டரையும் தயார் செய்யும். பிலிமை நகர்த்துவது மேகசினில் உள்ள இன்னொரு லீவர். இரண்டில் ஒன்றை மறந்தால் ஒரே பிரேமில் இரண்டு படம், அல்லது நடுவில் ஒரு வெற்றுப் பிரேம். 1974-இன் புரோ-எஸ் இதற்குத் தடை வைத்தது. ஆனால் புரோ-எஸ் பாடியில் பழைய மேகசினை மாட்டினால் அந்தத் தடை வேலை செய்யாது. விற்பவர்கள் இரண்டையும் கலந்து விற்பது சகஜம்.

இதன் சிறப்பு சுழலும் பின்புறம். கேமராவைச் சாய்க்காமல் மேகசினை மட்டும் திருப்பி நெட்டையான படமோ அகலமான படமோ எடுக்கலாம். இடுப்பளவு வியூஃபைண்டரோடு 6×7 ஒத்துப்போவதே இதனால்தான். ஃபோகஸ் பெல்லோஸ் (மடிப்புத் துருத்தி) வழியாக நடப்பதால் பெரும்பாலான லென்ஸும் மிக அருகில் போகும். பெல்லோஸ் 46 மி.மீ. முழுவதும் நீண்டால் 90 மி.மீ. லென்ஸில் ஒளி ஒன்றேகால் ஸ்டாப் அளவு (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதி) குறையும். பாடியின் பக்கவாட்டில் உள்ள கோடுகள் இதைத்தான் சொல்கின்றன. லைட் மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கோடுகளைப் பார்க்காமல் விடுவதால்தான் பல முகப்படங்கள் மெலிந்த நெகட்டிவாக வருகின்றன.

லென்ஸும் மேகசினும் சேர்த்து இரண்டரைக் கிலோவுக்கு மேல். கண்ணாடி பெரியது, அடிக்கும்போது அதிர்வு உண்டு. 1/60-க்குக் கீழே லென்ஸில் உள்ள குமிழால் கண்ணாடியை முன்பே தூக்கிவிட்டு, லென்ஸில் மாட்டிய கேபிள் ரிலீஸால் எடுப்பது நல்லது. பேட்டரியே வேண்டாம் என்பதும், மேகசினின் ஃபோமை மாற்றினாலே பெரும்பாலான ஒளிக்கசிவு நின்றுவிடும் என்பதும் இதன் பலம். 6×7-இல் தொடங்க விரும்பும் ஒருவருக்கு இதைவிட நேர்மையான யந்திரம் குறைவு. கழுத்தில் மாட்டிக்கொண்டு சுற்றத்தான் முடியாது.

4×5 எதற்கு?

எடையைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. இன்ட்ரெபிட் போன்ற மரப்பலகை ஃபீல்டு கேமரா ஆர்பி67-இன் பாதி எடைதான் இருக்கும். சுமை வேறு இடத்தில் ஏறுகிறது: ஐந்து ஹோல்டரும் அவை தரும் 10 படமும் ஒரு கிலோவுக்கு அருகில், கூடவே கறுப்புத் துணி, லூப் (ஃபோகஸ் பார்க்கும் உருப்பெருக்கி), லைட் மீட்டர், டிரைபாட்.

இதற்கெல்லாம் கிடைக்கும் கூலி லென்ஸ் தகட்டை (லென்ஸ் மாட்டிய முன்பலகை) ஏற்றி, சாய்த்து எடுப்பது. 60 மீட்டர் உயர ராஜகோபுரத்தை 100 மீட்டர் தள்ளி நின்று எடுப்பதாக வைத்துக்கொள்வோம். கேமரா தரைக்கு இணையாக இருந்தால்தான் கோபுரத்தின் பக்கங்கள் உள்ளுக்குச் சாயாது. அப்படி வைத்தால் 80 மி.மீ. லென்ஸோடு ஹாசல்பிளாட் கேமரா மட்டத்துக்கு மேல் 35 மீட்டர்தான் பார்க்கும், 90 மி.மீ. லென்ஸோடு ஆர்பி67 38 மீட்டர். நிமிர்த்தி வைத்த 4×5-இல் 150 மி.மீ. லென்ஸ் 40 மீட்டர் பார்க்கும். இப்போது லென்ஸை மட்டும் 30 மி.மீ. ஏற்றினால் இன்னும் 20 மீட்டர் கூடி, கலசம் வரை வந்துவிடும். கேமராவை அண்ணாந்து பார்க்க வைக்கவே இல்லை.

இதற்கு லென்ஸின் ஒளிவட்டம் (பிலிம் தளத்தில் லென்ஸ் விழச்செய்யும் பட வட்டம்) போதுமா என்று பார்க்க வேண்டும். ஷ்னைடர் சிம்மார்-எஸ் 150 மி.மீ. எஃப் 22-இல் 210 மி.மீ. வட்டம் தரும், அதில் 33 மி.மீ. வரை ஏற்றலாம். அதற்கு மேல் போனால் படத்தில் வானத்தின் இரு மூலையும் இருண்டுபோகும்.

சாய்ப்பதற்கும் எளிய கணக்கு உண்டு. தரையின் முன்பகுதியிலிருந்து அடிவானம் வரை கூர்மை வேண்டுமென்றால், லென்ஸின் குவியத் தூரத்தை மீட்டரில் எடுத்து 60-ஆல் பெருக்கி, தரையிலிருந்து லென்ஸின் உயரத்தால் வகுத்தால் சாய்வு டிகிரியில் வரும். 150 மி.மீ., ஒன்றரை மீட்டர் உயரம் என்றால் 6 டிகிரி. புதியவர்கள் 15, 20 டிகிரி சாய்த்துவிட்டு எதுவும் கூர்மையாகவில்லையே என்று லென்ஸைக் குறை சொல்வார்கள். நடுவில் உயரமான மரம் நின்றால் சாய்வு உதவாது. அதன் உச்சி மங்கிவிடும். அங்கே எஃப் 32-க்கு மூடுவதே வழி.

அப்படி மூடினால் நேரம் நீளும். நீண்ட நேரத்தில் பிலிமின் உணர்திறனும் குறையும்: எஃப்பி4 பிளஸ் பிலிமில் மீட்டர் 10 விநாடி காட்டினால் 18 விநாடி கொடுக்க வேண்டும், 30 காட்டினால் 73. காற்றில் இலை அசையும் இடத்தில் 4×5-இன் பதின்மூன்று மடங்கு பரப்பும் பயனற்றுப் போவது இப்படித்தான்.

தவறுகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் நடக்கின்றன: கிரவுண்ட் கிளாஸில் (படம் தெரியும் மங்கல் கண்ணாடி) ஃபோகஸ் பார்க்கத் திறந்த ஷட்டரை மூடாமலேயே டார்க் ஸ்லைடை உருவிவிடுவது. வரிசை இதுதான்: ஃபோகஸ், திருகுகளை இறுக்கு, ஷட்டரை மூடு, எஃப் எண்ணை வை, ஷட்டரை ஏற்று, ஹோல்டரைச் செருகு, ஸ்லைடை உருவு, எடு. ஸ்லைடின் வெள்ளைப் பக்கம் வெளியே இருந்தால் எடுக்காத ஷீட். எடுத்த பின் கறுப்புப் பக்கம் வெளியே வரும்படி செருக வேண்டும். இருட்டில் ஏற்றும்போது ஷீட்டை நெட்டையாகப் பிடித்து, ஓர வெட்டு மேலே வலது மூலையில் தட்டுப்பட்டால் ஒளியை உணரும் மருந்துப் பக்கம் உங்களைப் பார்க்கிறது.

ஹோல்டருக்குள் தூசி இருந்தால் அந்த இடத்தில் ஒளி விழாது, பிரிண்டில் கரும்புள்ளியாக வரும். என்லார்ஜரில் (பிரிண்டுக்காக நெகட்டிவைப் பெருக்கும் கருவி) ஒட்டிய தூசி விடும் வெள்ளைப் புள்ளியைத் தூரிகையால் மூடிவிடலாம். கரும்புள்ளியைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

கழுவும்போது

நான்கு 4×5 ஷீட்டும் ஒரு 120 ரோலும் ஒரே பரப்பு, 80 சதுர அங்குலம். மருந்துக் கணக்கை இதை வைத்தே போடலாம். எச்.சி.-110 (HC-110) போன்ற கெட்டி டெவலப்பரில் ஒரு ரோலுக்கு 6 மி.லி. அடர்திரவமாவது இருக்க வேண்டும் என்ற அளவுப்படி, 1+63 கலவையில் (ஒரு பங்கு அடர்திரவம், 63 பங்கு தண்ணீர்) 500 மி.லி. ஒரு ரோலுக்கும் நான்கு ஷீட்டுக்கும் போதும். குழாய்த் தண்ணீர் 28 டிகிரியைத் தாண்டும் ஊர்களில் இந்த நீர்த்த கலவையே பாதுகாப்பு. 1+31-இல் நேரம் 5 நிமிடத்துக்குக் கீழே இறங்கி, வானம் திட்டுத்திட்டாகும்.

ரோலில் உள்ள எல்லாப் படத்துக்கும் ஒரே நேரம்தான். கோயில் பிராகாரத்தின் இருட்டும் வெளியே உச்சி வெயிலும் ஒரே படத்தில் இருந்தால், 4×5-இல் அந்த ஒரு ஷீட்டை மட்டும் குறைத்துக் கழுவலாம். மீடியம் ஃபார்மட்டில் இதற்கு மாற்று இரண்டாவது மேகசின்: ஒன்று வழக்கமான நேரத்துக்கு, ஒன்று கடும் வெயில் படங்களுக்கு. பலருக்கு இதுவே போதுமானது, ஷீட்டை விட மலிவும்கூட.

தட்டில் பல ஷீட்டை ஒன்றாகக் கழுவுவதென்றால் முதலில் வெறும் தண்ணீரில் ஒவ்வொன்றாக நனையுங்கள். உலர்ந்த ஷீட்டுகள் நேரே டெவலப்பரில் விழுந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நகம் பட்டால் கீறல் நிச்சயம். 120-இன் தொல்லை வேறு: ஈரமான ரீலில் பிலிம் சிக்கும், அவசரத்தில் மடங்கினால் பிறை வடிவக் கறை விழும். சேஞ்சிங் பையில் (பிலிம் ஏற்றும் ஒளி புகாத பை) கை வியர்த்தால் இரண்டுக்குமே கேடு, ஷீட்டுக்குச் சற்று அதிகம். விரல் ரேகை அப்படியே பதியும்.

கேமராவுக்குப் பணம் கட்டுமுன் கையில் என்ன ஸ்கேனர், என்ன என்லார்ஜர் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். எப்சன் வி600 120 பிலிமை ஏற்கும், 4×5-ஐ ஒரே வீச்சில் எடுக்காது. அதற்கு வி850 வகை வேண்டும். டர்ஸ்ட் எம்605 6×6 வரைதான் ஏற்கும். ஆர்பி67 வாங்குபவருக்குக் குறைந்தது எம்670 தேவை. 4×5 என்லார்ஜர் சாதாரண மேசையில் அடங்காது. அதற்கு இடமும் கூரை உயரமும் அளந்து வைக்க வேண்டும்.