பழைய பிக்கப்பில் ஆல்-டெரெய்ன் டயர்: ஒரு செட் தேயும்வரை ஓட்டிய பிறகு

என்னுடையது தொண்ணூறுகளில் வந்த பிக்கப். தேவைப்படும்போது மட்டும் போட்டுக்கொள்ளும் நான்கு சக்கர இயக்கம், முன்னால் டார்ஷன் பார், பின்னால் லீஃப் ஸ்ப்ரிங், 15 அங்குல ரிம். இப்போது ஓடுவது இரண்டாவது செட் ஆல்-டெரெய்ன் டயர், அதாவது தார் ரோட்டுக்கும் மண் பாதைக்கும் பொதுவான டயர். முதல் செட்டைப் பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் கட்டிகள்) தேயும்வரை ஓட்டி முடித்துவிட்டேன். புது டயர் மாட்டிய வாரத்தில் எல்லா டயரும் நன்றாகத்தான் ஓடும். அதனால் பாதி தேய்ந்த பிறகு எப்படி இருந்தது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய பிக்கப்புக்கு டயர் தேடுகிறவர்கள் பட்டன் டிசைனையும் பிராண்டையும் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, தங்கள் வண்டியின் எடைக்கு எவ்வளவு கனமான கட்டுமானம் (டயர் உடலின் தடிமனும் விறைப்பும்) தேவை என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். ஓட்டும் சுகம், பிரேக், மைலேஜ், சஸ்பென்ஷன் ஆயுள் எல்லாவற்றையும் என் வண்டியில் தீர்மானித்தது அதுதான்.

அதற்கும் முன்னால் எந்த மாதிரி ரோட்டில் ஓடப்போகிறது என்ற கணக்கு. என் ஓட்டத்தில் முக்கால்வாசி தார் ரோடு. மிச்சம் ஜல்லிப் பாதை, மண் பாதை, மழைக்காலச் சேறு, எப்போதாவது மணல். முழுக்கத் தார் ரோட்டில்தான் ஓட்டுவேன் என்பவருக்கு ஹைவே டயரே போதும். சத்தம் குறைவு, மழையில் பிடிப்பு அதிகம். வாராவாரம் ஆழமான சேற்றில் இறங்குபவருக்கு மட்-டெரெய்ன். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்குத்தான் ஆல்-டெரெய்ன். அதிலும் தோள் பகுதிவரை பெரிய பெரிய பட்டனோடு முரட்டுத்தனமாக வரும் ரகமும் உண்டு, நெருக்கமான பட்டன்களில் நிறைய மெல்லிய கீறல்களோடு சாந்தமாக வரும் ரகமும் உண்டு. நான் எடுத்தது சாந்தமான ரகம்.

டயர் கடைக்குப் போகும் முன் கழற்றப்போகும் டயரை உட்கார்ந்து பாருங்கள். உள்ளங்கையைப் பட்டன்மேல் வைத்து உள்ளிருந்து வெளியே ஒருமுறை, வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை தடவ வேண்டும். ஒரு பக்கம் வழுவழுவென்று போய், மறுபக்கம் ரம்பப் பல் மாதிரி கையைக் குத்தினால் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) சரியில்லை. உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) போயிருக்கிறது. பழைய வண்டியில் ஸ்ப்ரிங் வேலை செய்யும் டார்ஷன் பார் தளர்ந்து முன்பக்கம் இறங்கியிருக்கலாம், பால் ஜாயின்ட்டும் தேய்ந்திருக்கலாம். அங்கங்கே குழி விழுந்திருந்தால் முதலில் ஷாக் அப்சார்பரைச் சந்தேகப்படுங்கள். என் வண்டியில் ஸ்டியரிங் இணைப்புகளான டை ராட் முனைகளும் ஐட்லர் ஆர்மும் ஆட்டம் கண்டிருந்தன. அவற்றை மாற்றி, அப்புறம் புது டயரைப் போட்டு, அன்றே அலைன்மென்ட் பார்த்தேன். கனமான பட்டன் டயர் சின்ன ஆட்டத்தையும் ஸ்டியரிங்குக்குக் கொண்டு வந்துவிடும். அதோடு டயரும் வீணாகும்.

சரி, அளவு. தொழிற்சாலையிலிருந்து வந்த அளவு 235/75 ஆர்15. அதையே வைத்துக்கொண்டேன். இந்த அளவின் விட்டம் சுமார் 734 மில்லிமீட்டர். இதே 15 அங்குல ரிம்முக்குப் பலரும் ஆசைப்படுவது 31x10.50 (பெயரளவில் 31 அங்குல விட்டம், 10.5 அங்குல அகலம்). நண்பர் ஒருவர் என்னுடையதைப் போன்ற வண்டியில் அதைத்தான் போட்டிருக்கிறார். இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டியிருக்கிறோம். பார்க்க அவருடைய வண்டி கம்பீரமாக இருக்கும், தரையிலிருந்து உயரமும் கொஞ்சம் கூடுதல். ஆனால் சுற்றளவு ஐந்தாறு சதவீதம் கூடுவதால் கியர் விகிதம் அந்த அளவுக்கு இழுவையை இழந்துவிடுகிறது. புது வண்டியின் டர்போ எஞ்சினுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. இருபத்தைந்து வயதைத் தாண்டிய எஞ்சினுக்கு ஏற்றத்தில் ஒரு கியர் குறைக்க வேண்டியிருக்கிறது. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மை வேகம் 105ஐத் தாண்டியிருக்கும். ஓடோமீட்டரும் அதே கணக்கில் குறைத்துக் காட்டுவதால், மைலேஜ் பார்க்கும்போது அதைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

ரிம் அகலத்தையும் மறக்கக்கூடாது. 31x10.50 டயருக்குக் குறைந்தது 7 அங்குல அகல ரிம் வேண்டும். பழைய பிக்கப்புகள் பலவற்றில் 6 அங்குல ரிம்தான் இருக்கும். அகலமான ரிம்மும் ஆஃப்செட் (ரிம் உள்ளேயோ வெளியேயோ தள்ளி உட்காரும் அளவு) மாற்றமும் சேர்ந்தால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது டயர் மட்கார்டின் உள்பக்கத்தையோ பம்பர் ஓரத்தையோ உரச ஆரம்பிக்கும். வண்டி நிற்கும்போது உரசாத டயர், பள்ளத்தில் ஒரு சக்கரம் மேலே ஏறிய நிலையில் ஒடித்தால் உரசும். ஆகவே கடை வாசலில் ஒடித்துப் பார்ப்பது மட்டும் போதாது. ஸ்டெப்னி தொங்கும் இடத்தையும் அளந்து பாருங்கள். பின்னால் இருக்கும் சரக்குத் தொட்டிக்கு அடியில் சங்கிலியில் தொங்கும் ஸ்டெப்னிக்கு இடம் அளந்துதான் விட்டிருப்பார்கள்.

ஸ்டெப்னியும் அதே அளவில் இருப்பது என் போன்ற நான்கு சக்கர இயக்கத்துக்கு மிக அவசியம். இவற்றில் முன், பின் அச்சுகளை வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுழலும்படி பூட்டிக்கொள்ளும். சுற்றளவு வேறுபட்டால் அந்த முறுக்கு முழுதும், எஞ்சின் சக்தியை இரண்டு அச்சுக்கும் பிரித்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸில் போய் உட்காரும். ஆகவே இரண்டு புது டயர், இரண்டு பழைய டயர் என்று கலக்காமல் ஒரே நேரத்தில் மாற்றுவதே நல்லது.

இனி நான் முக்கியம் என்று சொன்ன கட்டுமானம். ஒரே பெயர், ஒரே டிசைன் கொண்ட டயர் பயணிகள் வாகன வகையிலும் வரும், எல்டி எனப்படும் இலகு ட்ரக் வகையிலும் வரும். யோகோஹாமா ஜியோலாண்டர் ஏ/டி ஜி015 இதற்கு நல்ல உதாரணம். பிஎஃப் குட்ரிச் கேஓ2 போன்றவை பெரும்பாலும் எல்டி. எல்டியில் லோடு ரேஞ்ச் என்று சி, டி, இ எழுத்துகள் இருக்கும். சி-க்கு உச்சக் காற்றழுத்தம் 50 பிஎஸ்ஐ, டி-க்கு 65, இ-க்கு 80. எழுத்து ஏற ஏறச் சுமை தாங்கும் திறனும் பக்கச்சுவரின் விறைப்பும் டயரின் எடையும் ஏறும். “எழுத்து பெரிசா இருந்தா ஸ்ட்ராங், அதையே போடுங்க” என்பார்கள் கடையில். கனரக பிக்கப்புக்கும் பெரிய ட்ரெய்லர் இழுப்பவருக்கும் அது சரி. காலித் தொட்டியோடு பாதி நாள் ஓடும் சின்ன பிக்கப்புக்கு அப்படி இல்லை.

நண்பரின் வண்டியில் இருப்பது என்னுடையதைவிடக் கனமான, விறைப்பான கட்டுமானத்தில் எடுத்த டயர். ஜல்லிப் பாதையில் காலியாகப் போகும்போது பின்பக்கம் குதித்துக்கொண்டே போகிறது. ஒவ்வொரு சக்கரத்திலும் நான்கைந்து கிலோ கூடுதல். லீஃப் ஸ்ப்ரிங்குக்குக் கீழே ஏறும் எடை என்பதால் ஷாக் அப்சார்பர் அதை அடக்கப் பாடுபடுகிறது, பிரேக்கும் கூடுதலாக அழுத்த வேண்டியிருக்கிறது. நான் எடுத்தது எல்டி, லோடு ரேஞ்ச் சி. கூர்மையான ஜல்லியில் வெட்டுப்படாத அளவுக்குத் தடிமன் உண்டு, காலி வண்டியில் எலும்பை உலுக்கும் அளவுக்கு விறைப்பு இல்லை. ஜல்லியே இல்லாத பாதைக்குப் பயணிகள் வகையே போதும். ஆனால் பயணிகள் வகை டயரைப் பிக்கப்பில் போட்டால் அதில் எழுதியிருக்கும் சுமைத்திறனை 1.1 ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும். லோடு இண்டெக்ஸ் (சுமைத்திறனைக் குறிக்கும் எண்) 105 என்றால் 925 கிலோ. பிக்கப்பில் அது சுமார் 840 கிலோதான். கதவு ஓரத்து ஸ்டிக்கரில் இருக்கும் பின் அச்சின் உச்ச எடையோடு இரண்டு டயரின் கூட்டுத் திறனை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிமிடம்தான் ஆகும்.

பக்கச்சுவரில் படிக்க இன்னும் இரண்டு விஷயம். எம்+எஸ் (சேறும் பனியும்) என்ற எழுத்துகள் பட்டன் அமைப்பை வைத்துத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்வது. மூன்று சிகரமும் நடுவில் பனித்துகளும் உள்ள சின்னம் பனியில் சோதித்த பிறகு கிடைப்பது. பனி விழும் இடத்தில் ஓட்டுபவர்கள் இரண்டாவதைத் தேடுங்கள். அடுத்து, தயாரிப்பு விவரம் சொல்லும் டாட் (DOT) எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பழைய வண்டியின் டயர் அளவுகள் இப்போது மெதுவாகத்தான் விற்கின்றன. அதனால் கிடங்கில் வருடக்கணக்கில் கிடந்த டயர் ‘புதுசு’ என்று கைக்கு வர வாய்ப்பு அதிகம். மாட்டுவதற்கு முன் நான்கு டயரிலும் இதைப் பார்த்துவிடுங்கள்.

ஓட்டிய அனுபவத்துக்கு வருகிறேன். ஜல்லியிலும் மண் பாதையிலும் இந்த டயர் கொடுத்த நம்பிக்கை பெரியது. பிரேக் அடித்தால் வண்டி நேராக நிற்கும், கல் குத்திப் பக்கச்சுவர் கிழிந்ததே இல்லை. மணலில் காற்றை 18-20 பிஎஸ்ஐக்கு இறக்கிவிட்டால் மிதந்து போகும். திரும்பத் தார் ரோடு ஏறும் முன் காற்று பிடித்தே ஆக வேண்டும் என்பதால், கையடக்கக் கம்ப்ரசரும் நல்ல கேஜும் வண்டியிலேயே இருக்கும். களிமண் சேறு மட்டும் இதற்கு ஒத்துவராது. பட்டன் இடைவெளியில் மண் அப்பிக்கொண்டு சக்கரம் வழுவழுப்பாகிவிடும். வேகம் குறையாமல் கடந்தால்தான் உண்டு.

மழைத் தார் ரோட்டில் கவனம் வேண்டும். காலித் தொட்டி, கனமில்லாத பின் அச்சு, ஏபிஎஸ் இல்லாத பழைய பிரேக், இதோடு பெரிய பட்டன் டயர். ஹைவே டயர் போட்டிருந்த காலத்தை ஒப்பிட்டால் நிற்க எடுக்கும் தூரம் கூடுதல்தான். முன்வண்டியோடு இடைவெளியைக் கூட்டிக்கொண்டேன். மைலேஜும் கையில் தெரியும் அளவுக்குக் குறைந்தது.

காற்றழுத்தத்துக்கு ஒரு எளிய வழி உண்டு. கதவு ஸ்டிக்கரில் இருக்கும் எண் அன்றைய பயணிகள் வகை டயருக்கானது. எல்டி டயர் அதே சுமையைத் தாங்கக் கூடுதல் காற்று வேண்டும். தயாரிப்பாளரின் சுமை-அழுத்த அட்டவணையில் குறைந்தபட்சம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு, பட்டனுக்குக் குறுக்கே சாக்பீஸால் பட்டையாக ஒரு கோடு இழுங்கள். காய்ந்த, நேரான ரோட்டில் கொஞ்ச தூரம் உருட்டிவிட்டு இறங்கிப் பாருங்கள். நடுவில் மட்டும் கோடு அழிந்தால் காற்று அதிகம். ஓரங்கள் மட்டும் அழிந்தால் குறைவு. அகலம் முழுக்க ஒரே சீராக மங்கினால் சரி. காலி வண்டியில் பின்பக்கம் எப்போதுமே நடுதான் முதலில் அழியும். அங்கே குறைக்கலாம், ஆனால் அட்டவணை எண்ணுக்குக் கீழே போகக்கூடாது. லோடு ஏற்றும் நாளில் மறுபடி ஏற்றிக்கொள்ள வேண்டும்.

ஆல்-டெரெய்ன் டயரை இடம் மாற்றாமல் விட்டால் சத்தம் வரும். ஒவ்வொரு பட்டனும் முன்விளிம்பு ஒரு மாதிரியும் பின்விளிம்பு ஒரு மாதிரியும் தேய்ந்து, ஊளையிட ஆரம்பிக்கும். எட்டாயிரம் கிலோமீட்டரை ஒட்டி மாற்றிக்கொண்டே வந்தேன்: பின்டயர்கள் அதே பக்கத்தில் முன்னுக்கு, முன்டயர்கள் குறுக்காகப் பின்னுக்கு, ஸ்டெப்னியும் சுழற்சியில். மாற்றிய பின் 50-100 கிலோமீட்டரில் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி சரிபார்ப்பது வழக்கமாகிவிட்டது.

முதல் செட்டில் எனக்குப் பிடிக்காத ஒன்று பாதி ஆயுளில்தான் தெரிந்தது. புதிதில் தோள் பட்டன் ஒவ்வொன்றிலும் மூன்று மெல்லிய கீறல்கள் இருந்தன. பாதி தேய்ந்தபோது இரண்டு மறைந்து, மூன்றாவது நகத்தால் தடவினால்தான் தட்டுப்பட்டது. பட்டன் உயரம் இன்னும் தாராளமாக இருந்தது, தேய்மான அடையாளத்துக்கு வெகு தூரம் இருந்தது, ஆனால் ஈர ரோட்டில் பிடிப்பு குறைந்துவிட்டது. தண்ணீரைக் கிழித்துப் பிடிமானம் கொடுப்பவை அந்தக் கீறல்கள். பட்டனின் அடிவரை வெட்டாத டயரில் அவை பாதியிலேயே தீர்ந்துவிடும்.

அதனால் இரண்டாவது செட் வாங்கும்போது அதே அளவு, அதே லோடு ரேஞ்ச் சி என்று கேட்டதோடு, மாதிரி டயரைக் கீழே சாய்த்து ஒரு மெல்லிய அட்டையைக் கீறலுக்குள் விட்டுப் பார்த்தேன். பட்டன் உயரத்தில் முக்கால் பங்குக்கு மேல் இறங்கிய டயரைத்தான் எடுத்தேன். இப்போது அதுவும் பாதி ஆயுளை நெருங்குகிறது. கீறல்கள் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன, மழையில் வண்டி முன்பைவிடச் சீக்கிரம் நிற்கிறது.