சிங்தாவா, சியாமெனா? கடலோரச் சீனாவில் படிக்கப் போகிறவர்களுக்கு

சீனாவுக்குப் படிக்கப் போகிறேன், ஷாங்காய் எப்படி என்று யாராவது கேட்டால், முதலில் காசுக் கணக்கைத்தான் எடுப்பேன். சீன அரசின் உதவித்தொகையில் மாதச் செலவுக்குத் தருவது இளநிலைக்கு 2500 யுவான், முதுநிலைக்கு 3000, முனைவர் பட்டத்துக்கு 3500. எந்த ஊரில் படித்தாலும் இதே தொகைதான். ஷாங்காயில் அது எவ்வளவு தூரம் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. தவிர, அங்கே ஆங்கிலத்தையும் கைப்பேசியையும் வைத்தே ஒரு வருடத்தை ஓட்டிவிடலாம். வேலை தேடிப் போகிறவருக்கு அது வசதி, மொழி கற்கப் போகிறவருக்கு இழப்பு. ஆகவே ஷாங்காயை ஒதுக்கிவிட்டு, வடக்கே ஷான்டோங் மாகாணத்துச் சிங்தாவையும் தெற்கே ஃபூஜியான் மாகாணத்துச் சியாமெனையும் எடுத்துக்கொள்கிறேன். நான் படித்தது சியாமெனில். சிங்தாவில் படித்த நண்பன் அறையில் ஒரு குளிர்கால விடுமுறையைக் கழித்திருக்கிறேன்.

குளிரிலிருந்து தொடங்கலாம். நம் ஊர்க்காரர்கள் ஏமாறுவது இங்கேதான். சிங்தாவில் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்கும், சியாமெனில் 13 டிகிரி வாக்கில். எண்ணைப் பார்த்ததும் எல்லோரும் சியாமெனைக் காட்டுவார்கள். ஆனால் சீனாவில் ஹுவாய் ஆற்றுக்கு வடக்கே உள்ள நகரங்களில்தான் ஊருக்கே பொதுவான வெப்பமூட்டும் வசதி உண்டு. சிங்தாவில் நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரை அறைக்குள் சுடுநீர்க் குழாய் ஓடும். வெளியே காற்று காதை அறுக்கும், உள்ளே பனியனோடு உட்கார்ந்து படிக்கலாம். தெற்கில் இருக்கும் சியாமெனில் அந்த ஏற்பாடே கிடையாது. வெளியே என்ன குளிரோ அதேதான் வகுப்பறையிலும். மேல்கோட்டைக் கழற்றாமல் பாடம் கேட்டு, விரல் மரத்துப்போய்ச் சீன எழுத்துகளைக் கிறுக்கிய நாட்கள் எனக்கு உண்டு.

அது முடிந்தால் வசந்தத்தில் 'ஹுய்நான்தியன்' வரும். தெற்கிலிருந்து ஈரக்காற்று திரும்பி வந்து குளிர்ந்த சுவர்களில் படிய, சுவரும் தரையும் வியர்த்துக் கொட்டும். துவைத்த துணி நான்கு நாளானாலும் காயாது. தோல் செருப்பில் பூஞ்சை பூக்கும். சென்னை ஈரத்துக்குப் பழகியவன் என்ற தைரியம் அங்கே செல்லாது.

கோடையில் இரண்டு ஊருக்கும் தலைக்கு ஒரு தொல்லை. சியாமெனுக்குப் புயல். 2016 செப்டம்பரில் மெராந்தி புயல் நேராக அந்த ஊரில்தான் கரையேறியது, அதுவும் நிலாத் திருவிழா அன்று விடிகாலையில். சிங்தாவுக்குக் கடல்பாசி. 2008 ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குச் சற்று முன்பு கடலே பச்சைப் புல்வெளி மாதிரி ஆகிவிட்டது. அதன்பின் கோடைதோறும் கரையில் அள்ளி அள்ளிப் போடுகிறார்கள். குளிக்கும் ஆசையோடு போகிறவர்கள் அதற்கேற்ப நாள் பார்த்துப் போக வேண்டும்.

அடுத்தது மொழி. என் கணக்கில் சிங்தாவ் முந்துவது இதில்தான். அங்கேயும் வட்டாரப் பேச்சு உண்டு. பாடப்புத்தகத்தில் 'கெலி' என்று படித்த மட்டியைச் சந்தையில் 'காலா' என்பார்கள். ஆனாலும் அது மாண்டரினின், அதாவது வகுப்பில் கற்கும் பொதுச் சீனத்தின், கிளை வழக்குதான், கொஞ்ச நாளில் காது பிடித்துக்கொள்ளும். சியாமெனின் தாய்மொழி மின்னான், அதாவது மலேசிய, சிங்கப்பூர் வாசகர்களுக்குத் தெரிந்த ஹொக்கியன். அது அடியோடு வேறு. பேருந்தில் இரண்டு பாட்டிகள் பேசிக்கொண்டால் ஒரு சொல் கூடப் பிடிபடாது. அவர்கள் நம்மிடம் மாண்டரின் பேசினாலும் ஹொக்கியன் வாடை வீசும். 'ஃபூஜியான்' என்பதை 'ஹூஜியான்' என்பவர்கள் என்று மற்ற சீனர்கள் கேலி செய்வார்கள். ('ஃபேன்' என்பதைப் 'பேன்' என்னும் நாம் அதில் சேர்ந்து சிரிக்க முடியாது.) நான்குக்கு 'ஸ்', பத்துக்கு 'ஷ்' என்று வகுப்பில் சொல்லித் தருவார்கள். சியாமென் காய்கறிக் கடையில் பெரும்பாலும் இரண்டுமே 'ஸ்' தான், தொனி மட்டும் வேறு. கடைக்காரம்மா இரண்டு ஆள்காட்டி விரல்களைக் குறுக்கே வைத்துக் காட்டிய பிறகுதான் விலை பத்து என்று எனக்குப் புரியும்.

சாப்பாட்டில் சியாமெனுக்கே என் ஓட்டு. சிங்தாவின் பெருமை மிளகாய் போட்டு வதக்கிய மட்டியும், எடைபோட்டுப் பிளாஸ்டிக் பையில் ஊற்றித் தரும் பியரும். ஊர் ஜெர்மானியர் ஆட்சியில் இருந்தபோது, 1903-ல் தொடங்கிய மதுவாலை இன்றும் ஓடுகிறது. அசைவர்களுக்குக் கொண்டாட்டம், சைவர்கள் பாடு திண்டாட்டம். சியாமெனில் நான்புதுவோ பௌத்தக் கோவிலிலேயே சைவ உணவகம் உண்டு. வெங்காயம், பூண்டு கூடச் சேர்க்க மாட்டார்கள். அசைவர்களுக்கு 'ஷாச்சா' நூடுல்ஸ். கடல் கடந்து போன குடும்பங்கள் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து கொண்டு வந்த சாத்தே மசாலாதான் அந்தக் குழம்பில் இருக்கிறது. அந்த வேர்க்கடலை வாசம் நம் நாக்குக்கு அந்நியமே இல்லை.

வளாகத்துக்கு வருவோம். சியாமென் பல்கலைக்கழகம் 1921-ல் டான் கா கீ என்ற சிங்கப்பூர் ரப்பர் வணிகர் தொடங்கியது. ஒருபக்கம் கடல், மறுபக்கம் நான்புதுவோ கோவில், நடுவே ஏரி. இந்தப் படங்களைப் பார்த்துத்தான் பலர் விண்ணப்பிக்கிறார்கள். படத்தில் இருப்பது சியாமென் தீவில் உள்ள பழைய சிமிங் வளாகம். வெளிநாட்டு மாணவர்களுக்கான மொழிக் கல்லூரியும் மருத்துவப் படிப்பும் இருப்பது நீருக்கு அந்தப் பக்கம், சியாங்ஆன் என்ற புது வளாகத்தில். 2010-ல் திறந்த கடலடிச் சுரங்கப்பாதை வழியாகப் பேருந்தில் வந்துபோக, ஒருவழிக்கே சுமார் ஒரு மணி நேரம். புது விடுதி என்பது ஆறுதல், ஆனால் ஊர் அங்கே இல்லை. சிங்தாவில் 1924-ல் தொடங்கிய கடல்சார் பல்கலைக்கழகத்துக்கும் பல வளாகங்கள் உண்டு. யூஷான் சாலையில் உள்ள பழைய வளாகம் ஜெர்மானியப் படைமுகாம்களில் அமைந்தது, கடற்கரைக்கு நடந்தே போகலாம். மேடும் பள்ளமுமான ஊர் என்பதால் சைக்கிள் ஆசையை மட்டும் விட்டுவிட வேண்டும்.

விசா, காவல்துறைப் பதிவு இதெல்லாம் இரண்டு ஊரிலும் ஒன்றுதான். விடுதிக்கு வெளியே தங்கினால் 24 மணி நேரத்துக்குள் பதிவு செய்தாக வேண்டும். வீட்டு வாடகை சியாமென் தீவில் கடிக்கும், சிங்தாவில் அவ்வளவு இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் சியாமென் பக்கம் மனம் சாய ஒரு காரணம் இருக்கிறது. அதிவேக ரயிலில் சிறிது நேரத்தில் சுவான்சோ போய்விடலாம். 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த ஊர் அது. மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கான் காலத்தில் அங்கே தமிழ் வணிகர்கள் சிவன் கோவில் கட்டியிருந்தார்கள். அந்தக் காலத்து இந்துச் சிற்பத் தூண்கள் இரண்டு இன்றும் கையுவான் பௌத்தக் கோவிலின் பிரதான மண்டபத்துக்குப் பின்புறம் நிற்கின்றன.

ஒரே ஒரு வருடம், மொழிக்காக மட்டும் என்றால் சிங்தாவ் போங்கள். இரண்டு மூன்று வருடப் பட்டப்படிப்பு என்றால் சியாமென், ஆனால் அனுமதிக் கடிதத்தில் எந்த வளாகம் என்று பார்த்துவிட்டு. போன பிறகு, பிப்ரவரி முடிவதற்குள் கடையில் ஈரம் உறிஞ்சும் டப்பாக்கள் நாலைந்து வாங்கி அலமாரியில் வைத்துவிடுங்கள். மார்ச்சில் கிடைக்காது.