ஆர்டிஇ சீட் எட்டாவதோடு முடிகிறது: மெட்ரிக்கிலேயே தொடர்வதா, அரசுப் பள்ளியா?

ஆர்டிஇ எனும் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் சேர்ந்த பிள்ளைக்கு எட்டாம் வகுப்போடு இலவசப் படிப்பு முடிந்துவிடும். ஒன்பதிலிருந்து முழுக் கட்டணம் கட்டி அங்கேயே தொடரலாம், இல்லையென்றால் டி.சி. வாங்கிக்கொண்டு அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் போகலாம். எங்கள் மகளை அரசுப் பள்ளியில் சேர்த்தோம். இப்போது பத்தாவது படிக்கிறாள். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதைத் தெரிந்துகொண்டே மேலே படியுங்கள்.

கட்டணத்தில் அரசுப் பள்ளி முந்தும், கழிப்பறையில் தனியார் முந்தும். இதில் பேச வேறொன்றுமில்லை. பலருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்காக 2020-ல் வந்த 7.5 சதவீத மருத்துவ உள்ஒதுக்கீடு, ஆர்டிஇ-யில் எட்டு வரை படித்துவிட்டு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படிப்பவர்களுக்கும் கிடைக்கும். ஆர்டிஇ-யில் படித்ததற்கான சான்றை டி.சி. வாங்கும்போதே கையோடு வாங்கிவிடுங்கள். பிறகு அலைய முடியாது.

தேர்வு நெருக்கடி இரண்டு பக்கமும் உண்டு. தனியாரில் அது ரிசல்ட் பேனருக்கான ஓட்டம். மார்க் குறைவான பிள்ளைக்கு ஒன்பதாவதிலேயே டி.சி. நீட்டுவதை ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிவிட்டு நேரே பிளஸ் டூ பாடம் நடத்துவது இன்னொரு பழைய வழக்கம். அதைத் தடுக்கத்தான் 2017-18-ல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அது போய்விட்டது. பிள்ளைகளுக்கு ஒரு பாரம் குறைந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நீட்டில் பிளஸ் ஒன் பாடமும் வருகிறதே, அதை ஒழுங்காக நடத்துவார்களா என்பது இனி அந்தந்தப் பள்ளியின் மனசாட்சியைப் பொறுத்தது. அரசுப் பள்ளியிலும் சதவீதக் கணக்கு இல்லாமல் இல்லை. மகள் பத்தாவது வந்ததும் விளையாட்டுப் பீரியட் கணக்குக்குப் போய்விட்டது.

சரி, எங்களை முடிவெடுக்க வைத்தது இவை எதுவும் இல்லை. வகுப்பில் நின்று பாடம் நடத்தப்போவது யார், அவருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விதான்.

சேர்க்கைக்குப் போனபோது தலைமையாசிரியர் அறையில் ஒரு பலகை இருந்தது. அனுமதிக்கப்பட்ட பணியிடம், பணிபுரிவோர், காலியிடம் என்று மூன்று கட்டம். கணிதம், வேதியியல் நிரம்பியிருந்தன. இயற்பியலில் மட்டும் காலியிடம் ஒன்று. அங்கே பள்ளி மேலாண்மைக் குழு மூலம் ஒரு தற்காலிக ஆசிரியர் இருந்தார். முதுகலை ஆசிரியர் என்றாலும் தற்காலிகம் என்றால் தொகுப்பூதியம் மாதம் 18,000 ரூபாய்தான். கல்வியாண்டு முடிந்தால் வேலையும் முடியும். ஜூனில் வேறொருவர் வரலாம், வர ஜூலை ஆகஸ்டும் ஆகலாம். ஆனால் நிரந்தரப் பணியிடம் நிரம்பியிருந்தால் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டி.ஆர்.பி.) தேர்வெழுதி வந்தவர் கிடைப்பார். கலந்தாய்வில் மாறுதல் வாங்கும்வரை அங்கேதான் இருப்பார். மகள் படித்த மெட்ரிக்கில் இப்படிக் கேட்டுப் பார்க்கப் பலகையே இல்லை. ஆண்டு நடுவில் அறிவியல் மிஸ் மாறுவது அங்கே வாடிக்கை.

நிதி வெட்டு முதலில் கடிப்பதும் இந்த இடத்தில்தான். ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று பள்ளிக் கல்விக்குத் தரும் 2024-25-க்கான சமக்ர சிக்‌ஷா நிதி சுமார் 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தியது. கணித, இயற்பியல் நிரந்தர ஆசிரியர்கள் மாநில அரசின் சம்பளக் கணக்கில் வருவதால் அவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. சமக்ர சிக்‌ஷா நிதியை நம்பியிருப்பவர்கள் ஓவியம், உடற்கல்வி, தையல் சொல்லித்தரும் பகுதிநேர ஆசிரியர்களும், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர்களும். இழுபறி நீண்டால் அரசுப் பள்ளி முழுதாக முடங்காது, மார்க் வராத பாடங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுபோகும் என்பது என் கணிப்பு. உங்கள் பிள்ளைக்குச் சிறப்பாசிரியர் தேவையென்றால் இந்த அலசலை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், அந்த அனுபவம் எனக்கு இல்லை.

இதே வெட்டு தனியாரையும் விடவில்லை. ஆர்டிஇ பிள்ளைகளுக்கான கட்டணத்தை ஈடுகட்டும் பணமும் இந்த நிதியோடு மாட்டிக்கொண்டது. 2025-26 சேர்க்கை அக்டோபரில்தான் தொடங்கியது. வராத பணத்தைப் பள்ளிகள் நோட்டு, யூனிஃபார்ம், 'ஸ்மார்ட் கிளாஸ்' என்று பெற்றோரிடம் தேற்றிக்கொள்ளப் பார்க்கும்.

பிளஸ் ஒன், பிளஸ் டூ எப்படி இருக்கும் என்பது எனக்கும் கேள்வி ஞானம்தான். நீங்கள் பார்க்கும் அரசுப் பள்ளியில் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றில் இரண்டு காலி என்றால், அறிவியல் குரூப் எடுக்கப்போகும் பிள்ளையை அங்கே சேர்க்கச் சொல்ல மாட்டேன். அடுத்த அரசுப் பள்ளியையோ, பக்கத்தில் அரசு உதவிபெறும் பள்ளி இருந்தால் அதையோ விசாரியுங்கள். உதவிபெறும் பள்ளிக்கு 7.5 கிடையாது, அதையும் கணக்கில் வையுங்கள். ஆசிரியர் மாறுதல் கலந்தாய்வுக்குப் பிறகு பலகையை இன்னொரு முறை பாருங்கள், எண்கள் மாறியிருக்கும்.