டர்போவை மாற்றச் சொல்கிறார்களா? முதலில் பிரீதரைப் பார்க்கச் சொல்லுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் சுற்றுப்புறத்திலும் டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) பொருத்திய டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிளேர்வுட் மொத்தச் சந்தையிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் என் பக்கியின் (சிறு சரக்கு வண்டியின்) டர்போவை, கெட்டதா இல்லையா என்று சோதிக்காமலேயே சாட்ஸ்வர்த்தில் உள்ள ஒரு பணிமனை மாற்றிவிட்டு, 24,500 ரேண்ட் வாங்கிக்கொண்டது. எண்ணெய்க் கசிவோ முன்பைவிட அதிகமாகத் திரும்பி வந்தது. புகார் நடந்துகொண்டிருப்பதால் பணிமனையின் பெயரைக் குறிப்பிடவில்லை.

காலையில் எஞ்சினை இயக்கியதும் நீலப் புகை வந்தது. டர்போவின் அடிப்பகுதி எண்ணெயில் நனைந்திருந்தது. பணிமனைக்காரர் டர்போவுக்குக் காற்று செல்லும் ரப்பர் குழாயைக் கழற்றி, உள்ளே விட்ட விரலை என் முன் நீட்டி, "அண்ணா, டர்போ போச்சு. இப்படியே ஓட்டினால் எஞ்சினும் போய்விடும்" என்றார். பின்னதில் உண்மை உண்டு. கசிந்த எண்ணெயையே டீசல் எஞ்சின் எரிபொருளாக உறிஞ்சத் தொடங்கினால், சாவியைத் திருப்பினாலும் அது நிற்காது. கட்டுக்கடங்காமல் ஓடிச் சிதைந்துபோகக்கூடும். அந்தப் பயத்தை வைத்துத்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. ஆனால் டர்போ போனதற்கு அவர் நீட்டிய விரல் சான்றாகாது. பல எஞ்சின்களில், எஞ்சினின் அடிக்கூடான கிராங்க்கேஸிலிருந்து வெளியேறும் ஆவியைக் கொண்டுவரும் பிரீதர் குழாய் அந்த ரப்பர் குழாயில்தான் வந்து சேர்கிறது. ஆகவே அங்கே எண்ணெய்ப் பூச்சு இருப்பது இயல்பு. டர்போவுக்கு முன்னாலேயே எண்ணெய் வழிகிறதென்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது பிரீதரையே.

டர்போவின் சுழல்தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலக்கூடியது. அதன் பேரிங்குகளுக்கு ஒரு மெல்லிய குழாய் வழியாக எண்ணெய் அழுத்தத்தோடு வருகிறது; திரும்பிச் செல்லும்போதோ, அழுத்தம் எதுவும் இல்லாமல், பருமனான வடிகுழாய் வழியாகத் தன் எடையாலேயே எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்புக்கு இறங்குகிறது. இரு முனைகளிலும் எண்ணெயைத் தடுப்பவை பெரும்பாலும் ரப்பர் சீல்கள் அல்ல, பிஸ்டன் ரிங் போன்ற உலோக வளையங்கள். வெளிப்பக்கக் காற்றழுத்தம் உள்ளே இருப்பதைவிட அதிகமாக இருக்கும்வரைதான் அவை எண்ணெயை உள்ளே நிறுத்தும். எனவே வடிகுழாய் அடைத்தாலும், பிரீதர் அடைத்துக் கிராங்க்கேஸில் அழுத்தம் கூடினாலும், காற்று வடிகட்டி தூசியால் அடைபட்டு டர்போ காற்றை உறிஞ்சும் கம்ப்ரஸர் பக்கம் வெற்றிடம் உண்டானாலும், எண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றினாலும், புத்தம் புதிய டர்போகூடக் கசியும். இவற்றைப் பார்க்காமல் டர்போவை மாற்றுவது தலைவலிக்குத் தலையணையை மாற்றுவதுதான்.

டோங்காட்டில் உறவினர் ஒருவர் அறிமுகப்படுத்திய மெக்கானிக், எதையும் கழற்றுவதற்கு முன், எஞ்சினை ஓடவிட்டு எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகித் திறந்து, அதன் வாயிலேயே தளர்வாக வைத்தார். மூடி குதித்துப் புரண்டு விழுந்தது. உள்ளிருந்து புகை குபுகுபுவென வந்தது. பிரீதரைக் கழற்றிப் பார்த்தால் அது தார் போன்ற கசடால் அடைத்திருந்தது. அதைச் சுத்தம் செய்து பொருத்தியபின் மூடி அசையாமல் இருந்தது; பிஸ்டன் தேய்ந்து அழுத்தம் கூடியிருந்தால் இப்படி அடங்கியிருக்காது என்றார். அடுத்து வடிகுழாயின் இணைப்பு விளிம்பான ஃபிளாஞ்சைப் பிரித்தார். இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டின் மேல் சிவப்பு சிலிக்கான் பசை அப்பப்பட்டு, அது உள்ளே பிதுங்கி, எண்ணெய் இறங்கும் துளையில் பாதியை மறைத்திருந்தது. இது முதல் பணிமனையின் கைவேலை. கசிவு முன்பைவிட அதிகமானதன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

சுழல்தண்டைப் பக்கவாட்டில் அசைத்தால் சற்று ஆடுவது பேரிங்கில் எண்ணெய்க்காக விடப்பட்ட இடைவெளிதான். முன்னும் பின்னுமாகக் கையில் உணரும்படி ஆடினாலோ, டர்போவுக்குள் சுழலும் சக்கரத்தின் இறக்கை நுனி கூட்டில் உரசிய தடம் இருந்தாலோதான் டர்போ கெட்டதாகக் கொள்ள வேண்டும். முதல் பணிமனை இந்த எளிய சோதனையைக்கூடச் செய்யவில்லை. பில்லில் "புதியது" என்று எழுதியிருந்த டர்போவிலோ, பெயர்த்தகடு இருக்க வேண்டிய இடத்தில் ஆணித் துளைகள் மட்டுமே இருந்தன. அதை மட்டும் வைத்து மோசடி என்று சொல்லிவிட முடியாதுதான். ஆயினும் என் சந்தேகம் தீரவில்லை.

நம் நாட்டின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (எண் 68) இதில் நமக்குத் துணை நிற்கிறது. 15ஆம் பிரிவின்படி, மதிப்பீட்டை மீறிய தொகையை நம் ஒப்புதலின்றி வசூலிக்கக் கூடாது. 67ஆம் பிரிவின்படி, நாம் வேண்டாம் என்று சொன்னாலொழிய, கழற்றிய பாகங்களைத் தனியே வைத்திருந்து நம்மிடம் திருப்பித் தர வேண்டும். 57ஆம் பிரிவின்படி, பழுதுபார்க்கும்போது பொருத்திய பாகத்துக்கும் கூலிக்கும் குறைந்தது 3 மாத உத்தரவாதம் உண்டு. பாகம் ரீகண்டிஷன் (பழையதைச் சீர்செய்து புதுப்பித்தல்) செய்யப்பட்டதாக இருந்தாலும் இது பொருந்தும்.

இந்தப் பிரிவுகளைக் குறிப்பிட்டு முதலில் பணிமனைக்கே எழுத்தில் புகார் கொடுத்தேன். வேறொரு டர்போவை இலவசமாகப் பொருத்தித் தருவதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். எனக்கு அது வேண்டாம் என்றும், பணமும் பழைய டர்போவும்தான் வேண்டும் என்றும் பதில் எழுதினேன். இப்போது மதிப்பீட்டுத் தாள், பில், சிலிக்கான் பிதுங்கிய ஃபிளாஞ்சின் படங்கள், டோங்காட் மெக்கானிக்கின் அறிக்கை ஆகியவற்றோடு விவகாரம் மோட்டார் தொழில்துறைப் புகார்களை விசாரிக்கும் ஒம்பட்ஸ்மனிடம் போயிருக்கிறது. பழைய டர்போ "எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது", அதாவது மாற்றாகக் கொடுத்தாகிவிட்டது, என்று வாயால் சொன்னதோடு சரி. அதை எழுத்தில் தரப் பணிமனை இன்னும் மறுக்கிறது.